பாப்பா 96, அண்ணன் 129

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன் டாக்டர். மகனுக்கு ஒன்பது வயது, உயரம் 129 செ.மீ. மகளுக்கு மூன்று வயது எட்டு மாதம், 96 செ.மீ. என் நாத்தனார் சிங்கப்பூரில் இருக்கிறார். இந்தக் கோடை விடுமுறைக்கு எல்லோரும் வாருங்கள், யூனிவர்சல் ஸ்டூடியோஸ் போகலாம் என்று கூப்பிடுகிறார். பாப்பாவுக்கு நான்கு வயது ஆகிவிட்டால் டிக்கெட் எடுக்க வேண்டும், அதற்குள் போய் வந்துவிடுவோம் என்கிறார் கணவர். அவருக்குச் சிறு வயதில் திருவிழா ராட்டினத்தைத் தவிர வேறு எதுவும் கிடைத்ததில்லை. ஆசை அவருக்கும் இருக்கிறது. மாமியாரோ, "மூணு வயசுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது, காசைக் கரைக்காதீங்க" என்கிறார். போன மாதம் ஒரு மாலில் ஆளுயரக் கரடி பொம்மை கை கொடுக்க வந்ததும் பாப்பா வீறிட்டு அழுதாள். அன்று இரவு சரியாகத் தூங்கவும் இல்லை. குழந்தைகளைத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போக எது சரியான வயது?
பின்குறிப்பு: அந்தப் பொம்மைக்குள் ஆள்தான் இருக்கிறார் என்று அவளிடம் சொல்லிவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டு பிள்ளைகளின் உயரத்தையும் எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே என் வேலை பாதி முடிந்துவிட்டது. இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறவர்கள் வயதை மட்டும்தான் சொல்வார்கள். பூங்காவில் வயதைக் கேட்பது டிக்கெட் கவுன்டரில் மட்டும். உள்ளே போய்விட்டால் ஒவ்வொரு ரைடின் வாசலிலும் நிற்பது அளவுகோல்தான்.

நம் வீடுகளில் இது ஒரு வேடிக்கை. பேருந்தில் ஏறினால் பிள்ளையின் வயது குறையும். தமிழக அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை டிக்கெட் வேண்டாம் என்று 2022-ல் அறிவித்த பிறகு, பல பிள்ளைகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள் வந்தபாடில்லை. அதே பிள்ளை ரோலர் கோஸ்டர் வரிசையில் நிற்கும்போது வயதும் கூடும், உயரமும் கூடும். குதிகாலைத் தூக்கி நிற்கச் சொல்லும் அப்பாக்களையும், ஷூவுக்குள் கைக்குட்டையை மடித்து வைக்கும் அம்மாக்களையும் நானே பார்த்திருக்கிறேன். முதல் பொய்யால் போக்குவரத்துக் கழகத்துக்குப் பத்து ரூபாய் நஷ்டம். இரண்டாவது பொய்யை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மடிக்குக் குறுக்கே வந்து பூட்டிக்கொள்ளும் கம்பி, இன்ன உயரமுள்ள உடம்பு என்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. அதைவிடச் சிறிய உடம்பு, வண்டி வளையும்போதும் விழும்போதும் அந்தக் கம்பிக்கு அடியில் நழுவக்கூடும். ஊழியர் "முடியாது" என்றால் அவரிடம் வாதாடாதீர்கள்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம்.

சிங்கப்பூர் யூனிவர்சலில் சிறுவர்களுக்கான சின்ன கோஸ்டரும், தொங்கிக்கொண்டு போகும் கேனபி ஃப்ளையரும் 92 செ.மீ.யில் தொடங்குகின்றன. பூட்ஸ் போட்ட பூனையின் கதையைச் சொல்லும் ரைடுக்கு 100, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, ஜுராசிக் பார்க் தண்ணீர்ப் பயணத்துக்கு 107. மம்மி என்ற இருட்டு ரோலர் கோஸ்டருக்கு 122. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற இரட்டை ரோலர் கோஸ்டருக்கு 125. (புறப்படும் வாரத்தில் அவர்கள் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரைடுகள் மாறும், பராமரிப்புக்காக மூடுவதும் உண்டு.)

உங்கள் மகன் 129. அதாவது அந்தப் பூங்காவில் அவனைத் தடுக்கும் அளவுகோல் ஒன்றுகூட இல்லை. பாப்பா 96. அவளுக்குச் சில சின்ன ரைடுகள்தான், அவையும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான். மற்ற இடத்தில் எல்லாம் அவள் வெளியே நிற்க வேண்டும். அவளோடு நிற்கப் போவது யார் என்று நான் கேட்கவே வேண்டாம், நீங்கள்தான். மாமியாரும் வருகிறார் என்றால் அவர் முழங்காலோடு இரண்டு பேரையும் சேர்த்துக் கவனிக்கப் போவதும் நீங்கள்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் பெண் குழந்தைகளின் நடுத்தர உயரம் நான்கு வயதில் சுமார் 103 செ.மீ., ஐந்தில் 109, ஆறில் 115, ஏழில் 121. நம் பிள்ளைகள் பலர் இதற்குச் சற்றுக் கீழே இருப்பார்கள், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆக, பெரிய ரைடுகளின் கதவு நடுத்தர உயரமுள்ள பெண் குழந்தைக்கே திறக்க ஏழு வயதோ ஏழரையோ ஆகும், பாப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம். வாசகர்கள் பலரும் "ஒரே ஒரு வயதைச் சொல்லுங்கள் டாக்டர்" என்று கேட்கிறார்கள். ஒரே ஒரு முறைதான் போக முடியும், ஒரே ஒரு பிள்ளைதான் என்றால் நான் ஏழு என்பேன். ஆறரையிலிருந்து எட்டரை வரை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொள்ளலாம். அந்த வயதில் உயரம் ஓரளவு எட்டிவிடும், ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பார்கள், "எனக்குப் பயமாக இருக்கிறது, வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்வார்கள், கழிவறைக்குப் போக வேண்டும் என்பதைக் கடைசி நிமிடத்துக்கு முன்பே சொல்வார்கள். பேய் வீட்டிலிருந்து வரும் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்பதும் தெரியும், ஆனாலும் கொஞ்சம் நம்புவார்கள். பதின்மூன்று வயதில் அந்த நம்பிக்கை போய்விடும். அப்போது அவர்கள் நண்பர்களோடு போகத்தான் விரும்புவார்கள், உங்களோடு வருவது உங்களுக்காக.

ஆனால் உங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டு. பாப்பாவுக்கு ஏழு ஆகும்போது அண்ணனுக்குப் பன்னிரண்டு தாண்டியிருக்கும். அவளுடைய நல்ல வயதுக்காகக் காத்திருந்தால் அவனுடைய நல்ல வயது கடந்துவிடும். இடைவெளி அதிகமுள்ள எல்லா வீட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. 'எல்லாரும் சேர்ந்து, எல்லாருக்கும் பொதுவான ஒரு நாள்' என்று திட்டம் போடுவதால் வரும் சிக்கல் இது. என் விடை கீழே வருகிறது. அதற்கு முன் உங்கள் வீட்டில் நடக்கும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுகிறேன்.

கணவரின் இலவச டிக்கெட் வாதம். அங்கே நான்கு வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் விமானத்தில் குழந்தைக் கட்டணம் இரண்டு வயதோடு முடிந்துவிட்டது. பாப்பாவுக்குத் தனி இருக்கை, கிட்டத்தட்ட முழுக் கட்டணம். விசாவும் தனி. இவ்வளவையும் கட்டிவிட்டு, வாசலில் ஒரு டிக்கெட்டை மிச்சம் பிடிப்பதற்காகப் பயணத் தேதியையே முன்னால் இழுப்பது, புடவைக்குச் சேர்த்து வாங்கிய பிளவுஸ் துணி இலவசம் என்று சந்தோஷப்படுவது மாதிரி. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பூங்காக்காரர்கள் வியாபாரம் தெரிந்தவர்கள். ஒரு வயதுக்காரர்களை இலவசமாக உள்ளே விடுகிறார்கள் என்றால், அந்த வயதுப் பிள்ளைக்கு உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை என்று அவர்களே ஒப்புக்கொள்வதாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்து மாமியாரின் ஞாபக வாதம். இதில் அவர் சொல்வது பாதி சரி. மீதிப் பாதி சுவாரசியமானது, கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் நினா ஹாமண்ட், ராபின் ஃபிவுஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஏறக்குறைய உங்கள் கேள்வியையே ஆராய்ந்து 1991-ல் வெளியிட்டார்கள். மூன்று வயதில், நான்கு வயதில் டிஸ்னி வேர்ல்டு போய்வந்த பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, சிலரை ஆறு மாதம் கழித்தும், சிலரை ஒன்றரை ஆண்டு கழித்தும் பேச வைத்தார்கள். பிள்ளைகள் நிறையவே சொன்னார்கள். ஒன்றரை ஆண்டு ஆனபின்னும் சொன்னார்கள். பெரிய பிள்ளைகள் தாமாகவே விவரமாகச் சொன்னார்கள். சிறியவர்களிடம் கேள்வி கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஆக, 'மூணு வயசுக்கு ஞாபகமே இருக்காது' என்பது சரியில்லை. பாப்பா ஊருக்கு வந்தபிறகு ஆறு மாதம் அதையே பேசிக்கொண்டிருப்பாள்.

மாமியார் சொல்வது எங்கே சரியாகிறது என்றால், கொஞ்சம் வருடம் போன பிறகு. 2014-ல் பாட்ரிசியா பாயர் என்பவரும் மரீனா லார்க்கினா என்பவரும் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதில் தாயோடு பேசிப் பதிவான நிகழ்ச்சிகளையே பல ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளிடம் கேட்டார்கள். ஐந்திலிருந்து ஏழு வயது வரையில் கேட்டவர்களுக்கு அறுபது சதவீதத்துக்கு மேல் நினைவிருந்தது. எட்டு, ஒன்பது வயதில் கேட்டவர்களுக்கு நாற்பது சதவீதம்கூட இல்லை. மூளை வளர வளர, பழைய அலமாரியைக் காலி செய்துவிட்டுப் புதிய அலமாரி வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆய்வில் தாய்மார் பேசிய விதத்தையும் கவனித்தார்கள். பிள்ளை எதைப் பேச நினைக்கிறதோ அதன் போக்கிலேயே விட்டுப் பேசிய தாய்மாரின் பிள்ளைகள் பின்னாளில் அதிகம் விவரமாகச் சொன்னார்கள். எனவே ஊர் திரும்பிய பிறகு "டைனோசர் பார்த்தோமே, ஞாபகம் இருக்கா? பெரிய குளோப் பார்த்தோமே?" என்று பரீட்சை வைக்காதீர்கள். அவள் அத்தை வீட்டு லிஃப்டில் பதினேழாவது பட்டனை அழுத்தியதைப் பற்றித்தான் பேசுவாள். பேசட்டும், "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். மகனுக்கு நான்கு வயதாக இருந்தபோது கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போனோம். மே மாதம். குட்டி ரயிலுக்காக ஐம்பது நிமிடம் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது அவன் என் தோளில் தூங்கிவிட்டான். காசு கொடுத்திருக்கிறோமே என்று எழுப்பி உட்கார வைத்தேன். ரயில் ஒரு சுற்று வந்து நிற்கும் வரை அழுதான். அப்போதே நான் குழந்தைநல மருத்துவர்தான் என்பதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு அவன் உண்மையில் சந்தோஷமாக இருந்தது ஒரே இடத்தில்: புல்வெளிக்குத் தண்ணீர் அடிக்கும் குழாய் சுற்றிச் சுற்றி வர, அதன் கீழே அரை மணி நேரம் ஓடினான். அதற்கு டிக்கெட் இல்லை. இப்போது அவனுக்கு இருபது தாண்டிவிட்டது. குட்டி ரயிலில் சிரித்துக்கொண்டே போனது நன்றாக நினைவிருக்கிறது என்கிறான். ஆல்பத்தில் அப்படி ஒரு படம் இருக்கிறது, அழுகை தொடங்குவதற்கு முன் எடுத்தது.

இப்படி நடப்பது அபூர்வமில்லை. எலிசபெத் லோஃப்டஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2002-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். டிஸ்னி பூங்காவில் பக்ஸ் பன்னி முயலோடு கை குலுக்குவதாக ஒரு போலி விளம்பரத்தைப் பெரியவர்களிடம் காட்டினார்கள். பிறகு கேட்டால், ஆமாம், சின்ன வயதில் டிஸ்னிலாண்டில் அந்த முயலைப் பார்த்தேன் என்று சிலர் சொன்னார்கள். பக்ஸ் பன்னி, வார்னர் பிரதர்ஸ் என்ற வேறு நிறுவனத்தின் கார்ட்டூன் முயல். டிஸ்னி பூங்காவின் வாசலைக்கூட மிதித்திருக்காது. ஆகவே ஞாபகம் என்ற ஒன்றை வைத்து மட்டும் வயதை முடிவு செய்யாதீர்கள். மூன்று வயதில் ஊட்டிய சோறு எதுவும் யாருக்கும் நினைவில் இல்லை. அதற்காக ஊட்டாமல் விட்டோமா? பாப்பாவுக்கு அந்த நாள் அன்றைக்கு எப்படி இருக்கும் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

அங்கேதான் உங்கள் கரடி வருகிறது.

1969-ல் ரீட்டா டி வ்ரீஸ் என்ற உளவியலாளர் மேனார்ட் என்ற சாதுவான பூனையைக் குழந்தைகளிடம் காட்டினார். தடவிப் பார்க்கவும் விட்டார். பிறகு பூனையின் தலைப்பக்கத்தை மறைத்து, வால்பக்கம் குழந்தையின் கண்ணெதிரே இருக்கும்போதே, அதன் முகத்தில் நாய் முகமூடியை மாட்டித் திருப்பினார். ஆறு வயதுக்காரர்கள் பெரும்பாலும், இது பூனைதான், முகமூடி போட்டிருக்கிறது என்றார்கள். மூன்று வயதுக்காரர்கள் பலருக்கு அது நாய். குரைக்குமா என்று கேட்டால் குரைக்கும் என்றார்கள். வால் மாறாமல் அப்படியே இருந்ததைப் பார்த்த குழந்தைகள்தான் அவர்கள்.

உங்கள் பாப்பா இருப்பது அந்த வயதில்தான். அவளுக்கு அந்தக் கரடி, கரடிதான். அவளைவிட இரண்டு மடங்கு உயரம், இமைக்காத கண், அசையாத வாய், சத்தமில்லாமல் நெருங்கி வருகிறது. அவள் அழுததில் கோளாறு ஒன்றுமில்லை, பயந்தாங்கொள்ளி என்று பெயர் சூட்டவும் வேண்டாம். உங்கள் ஊரில் சித்திரைத் திருவிழாவில் கருப்பசாமி வேடமிட்டு வருபவரைப் பார்த்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளாத மூன்று வயதுப் பிள்ளை உண்டா? யூனிவர்சலில் அப்படிப்பட்ட உருவங்கள் தெருவெல்லாம் நடந்து வரும். டைனோசர் உறுமும், இருட்டறையில் வெளிச்சம் வெட்டும். ஆறு, ஏழு வயதில் இதே விஷயங்கள் கொண்டாட்டமாகிவிடும். அதுவரை, ஃபோட்டோவுக்காக அவளை அந்த உருவத்தின் பக்கத்தில் தள்ளி நிறுத்தாதீர்கள். இருபதடி தள்ளி நின்று கையசைத்தால் போதும், அவளே நெருங்கினால் நெருங்கட்டும்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரை வெயிலுக்குச் சிங்கப்பூர் தேவலாம் என்று நினைப்பீர்கள். அங்கே வருடம் முழுக்கப் பகலில் 31, 32 டிகிரிதான், ஆனால் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது. சின்ன உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும். தண்ணீரை அவள் கேட்கும்வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை நாலு மிடறு கொடுங்கள். சிறுநீர் கழித்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால், எந்த ரைடு பாக்கி இருந்தாலும் ஏசி உள்ள இடத்துக்குப் போய் உட்காருங்கள். பிற்பகலில் இடி மின்னல் வந்தால் வெளியே ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், அதனால் மகனுக்கு முக்கியமானவற்றைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

தூக்கக் கணக்கு பலருக்கும் தோன்றாது. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. காலை 10 மணிக்குப் பூங்கா திறக்கும்போது பாப்பாவின் உடம்புக்கு ஏழரை. அவள் மதியம் ஒரு மணிக்குத் தூங்குகிறவள் என்றால் அங்கே மூன்றரைக்குத்தான் கண் சொருகும், அதாவது கூட்டமும் புழுக்கமும் உச்சத்தில் இருக்கும் நேரம். இரவில் ஒன்பது மணித் தூக்கம் அங்கே பதினொன்றரைக்கு. போய் இறங்கிய மறுநாளே பூங்காவுக்குக் கிளம்பாமல் மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று வையுங்கள்.

குமட்டல் விஷயத்தில் மட்டும் கணக்குத் தலைகீழ். பயண வாந்தி இரண்டு வயதுக்குள் அபூர்வம், பிறகு ஏறிக்கொண்டே போய் ஒன்பது, பத்து வயதில் உச்சத்துக்கு வரும். கொடைக்கானல் மலைப்பாதையில் உங்கள் மகன் பையைக் கேட்கிறவனா? அப்படியென்றால் சுற்றும் ரைடுகளிலும், திரையைப் பார்த்துக்கொண்டே ஆடும் ரைடுகளிலும் சாப்பிட்ட உடனே ஏற வேண்டாம். காலி வயிற்றோடும் வேண்டாம். இட்லி இரண்டு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. வலிப்பு, இதயக் கோளாறு, அண்மையில் அறுவை சிகிச்சை என்று எதுவும் இருந்தால் அவன் மருத்துவரிடம் கேட்காமல் எதிலும் ஏற்றக் கூடாது.

இப்போது என் விடை. போய் வாருங்கள். ஆனால் இந்தப் பயணம் அண்ணனுக்கும் அப்பாவுக்கும். பாப்பா கூடப் போகிறாள், அவ்வளவுதான்.

பூங்காவுக்கு அப்பாவும் மகனும் காலை திறக்கும்போதே போகட்டும், இருட்டும்வரை இருக்கட்டும். வார நாளாகப் பாருங்கள். முடிந்தால் மே மாதக் கடைசிக்கு முன்பு, ஏனென்றால் அதற்குப் பிறகு அங்கே ஜூன் மாதப் பள்ளி விடுமுறை தொடங்கிவிடும். நீங்களும் பாப்பாவும் அத்தையும் தனியாக ஒரு நாள். தாவரவியல் பூங்காவுக்குள் இருக்கும் ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம், கார்டன்ஸ் பை த பேயில் தண்ணீர் பீய்ச்சும் சிறுவர் தோட்டம், இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. மாற்றுத் துணி இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். என் மகன் சுற்றிச் சுற்றி ஓடிய புல்வெளிக் குழாயை நினைத்துத்தான் சொல்கிறேன்.

'இல்லை டாக்டர், ஒரே நாள்தான், எல்லாரும் சேர்ந்துதான்' என்றால், பாப்பாவின் நாள் பிற்பகல் இரண்டு மணியோடு முடிகிறது என்று காலையிலேயே எல்லோரும் ஒத்துக்கொள்ளுங்கள். அத்தையோ நீங்களோ அவளை வீட்டுக்கு அழைத்துப் போய்விட வேண்டும். தள்ளுவண்டி வேண்டாம், அவள்தான் நடக்கிறாளே என்று நினைக்காதீர்கள். வாடகைக்குக் கிடைக்கும், எடுங்கள், மாமியாரின் கைப்பையும் அதில்தான் வரும். ஒருவர் ரைடில் ஏறி இறங்கும்வரை மற்றவர் குழந்தையோடு நின்று, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளும் வசதி பெரிய பூங்காக்கள் பலவற்றில் உண்டு. உள்ளே நுழைந்ததும் ஊழியரிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காலையில் கிளம்பும்போது பிள்ளைகள் இருவரையும் அன்று போட்டிருக்கும் சட்டையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாப்பாவின் கையில் உங்கள் அங்கத்திய ஃபோன் எண்ணை எழுதிய பட்டை இருக்கட்டும். காணாமல் போன குழந்தையின் சட்டை நிறம் என்ன என்று கேட்டால், பதறும் தாய்க்கு எதுவும் நினைவுக்கு வராது. அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கிளம்பும் முன் ஒரு ஒத்திகை அதிகச் செலவில்லாமல் நடத்திப் பார்க்கலாம். சித்திரைப் பொருட்காட்சிக்குப் பாப்பாவை அழைத்துப் போங்கள். கூட்டம், ஒலிபெருக்கி, வரிசை, வேடம், அப்பளம், ராட்டினம் என்று அங்கே எல்லாம் இருக்கிறது. எத்தனை நிமிடத்தில் காதைப் பொத்துகிறாள், எப்போது தூக்கச் சொல்கிறாள் என்று பாருங்கள். அந்த நேரத்தை இரண்டால் பெருக்கினால் சிங்கப்பூரில் அவள் தாங்கும் நேரம் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். இது மருத்துவப் புத்தகத்தில் இல்லாத சூத்திரம், என் அனுபவத்தில் போட்டது.

மகன் விஷயத்தில் ஒன்று. 129-ல் சிங்கப்பூரில் எல்லாக் கதவும் திறக்கும் என்றேன். நம் ஊரிலேயே போனால் அப்படி இருக்காது. வொண்டர்லா மாதிரியான பூங்காக்களில் பெரிய ரைடுகள் பலவற்றுக்கு 140 செ.மீ. கேட்பார்கள். 2025 டிசம்பரில் திருப்போரூர்ப் பக்கம் திறந்த அவர்களுடைய சென்னைப் பூங்காவுக்கு அவன் பதினொரு வயதில் போகட்டும். தண்ணீர்ப் பகுதிக்குப் போனால் பருத்தித் துணி கூடாது, நைலான் உடைதான். அங்கே எந்த வயதுப் பிள்ளையாக இருந்தாலும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும். மூழ்கும் குழந்தை கத்தாது.

உங்கள் கணவரின் ஆசையை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் பிடித்தது. பிள்ளைக்காகப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு, உண்மையில் தன் சிறு வயதுக்காகப் போகிற அப்பாக்களை எனக்குத் தெரியும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதை ஒளிக்கும்போதுதான், "இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கேன், ஏறு" என்று அழும் பிள்ளையிடம் குரல் உயர்கிறது. 'எனக்கும் பார்க்கணும்' என்று அவர் வாய்விட்டுச் சொல்லட்டும். மம்மி ரைடில் மகனுக்குப் பக்கத்தில் அவர் உட்காரட்டும். மாமியாரிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள்: பேத்திக்காக இல்லை, உங்கள் மகனுக்காகத்தான் காசைக் கரைக்கிறோம் என்று. மறுக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக உங்கள் பின்குறிப்பு. பொம்மைக்குள் ஆள் இருப்பதைச் சொல்லலாமா? அவள் கேட்டால் சொல்லுங்கள், பொய் வேண்டாம். "உள்ளே ஒரு அண்ணன் இருக்காரு, அவருக்கு ரொம்ப வேர்க்கும்" என்று சொன்னால் போதும். ஆனால் சொன்னதோடு பயம் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேனார்டின் வாலைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளே நாய் என்றார்கள். என்னிடம் வரும் ஒரு மூன்றரை வயதுப் பையனுக்கு அவன் அம்மா இப்படித்தான் விளக்கினார். அவன் அழுகையை நிறுத்தினான், அந்த உருவத்தை மேலும் கீழும் பார்த்தான், பிறகு முன்னைவிடப் பெரிதாக அழத் தொடங்கினான். கரடி ஓர் அண்ணனை முழுங்கிவிட்டதாம்.